புதிய பனியூர்தி எப்போது வாங்குவது? விலை, பருவம், மதிப்பு பற்றிய விளக்கம்

ஸ்னோமொபைல் எனப்படும் பனியூர்தி, பனி மூடிய நிலத்திலும் உறைந்த ஏரிகளின் மீதும் ஓடும் எஞ்சின் பொருத்திய வண்டியாகும். இதன் முன்புறத்தில் திசை திருப்புவதற்கு இரண்டு ஸ்கீகளும், பின்புறத்தில் வண்டியை உந்தித் தள்ளுவதற்கு அகலமான ஓர் இரப்பர் பட்டையும் இருக்கும். கனடா, அமெரிக்காவின் வட மாநிலங்கள், பின்லாந்து, சுவீடன், நோர்வே, ரசியா ஆகிய இடங்களில் இது பெருமளவில் பயன்படுத்தப்படுகிறது.

முழு அளவிலான புதிய பனியூர்தி ஒன்றின் விலை பெரும்பாலும் 10,000 முதல் 20,000 அமெரிக்க டாலர் வரை இருக்கிறது. இவ்வளவு பணம் கொடுத்து வாங்கும் வண்டியை ஆண்டில் மூன்று அல்லது நான்கு மாதங்கள் மட்டுமே ஓட்ட முடியும். மீதி மாதங்களில் அது கொட்டகையில் சும்மா நிற்கும். ஆனால் அதன் மதிப்பு அப்போதும் குறைந்துகொண்டே இருக்கும். எனவே எந்த வண்டியை வாங்குவது என்பதைப் போலவே, எப்போது வாங்குவது என்பதும் முக்கியமான கேள்வியாகிறது. இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. வாங்குபவர் அந்த வண்டியை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறார் என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது. அது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள வால்கூர் என்ற ஊரில் 1907ஆம் ஆண்டு பிறந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே, பனியில் ஓடும் வண்டிகளை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர். 1930களில் அவர் தயாரித்தவை பலர் உட்கார்ந்து செல்லக்கூடிய பெரிய வண்டிகள். மருத்துவர்களும் அஞ்சல் ஊழியர்களும் அவற்றைப் பயன்படுத்தினர். ஓரிருவர் மட்டும் செல்லும் சிறிய வண்டியான ஸ்கீ-டூ 1959ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1950களில் போலாரிஸ் நிறுவனமும், அதன் நிறுவனர்களில் ஒருவரான எட்கர் ஹெட்டீன் பின்னர் தொடங்கிய ஆர்க்டிக் கேட் நிறுவனமும் இத்தொழிலில் இறங்கின. சப்பானின் யமஹா நிறுவனம் 1968இல் தன் முதல் பனியூர்தியை வெளியிட்டது.

1970களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்கள் இருந்தனர். பின்னர் பெரும்பாலானோர் விலகிவிட்டனர். யமஹா நிறுவனமும் இத்தொழிலிலிருந்து படிப்படியாக வெளியேறுவதாக 2023இல் அறிவித்தது. ஆர்க்டிக் கேட் நிறுவனத்தை அப்போது வைத்திருந்த டெக்ஸ்ட்ரான், அதன் உற்பத்தியை நிறுத்திவைப்பதாக 2024 இறுதியில் அறிவித்தது. அடுத்த ஆண்டு அந்நிறுவனம் வேறு உரிமையாளர்களின் கைக்கு மாறியது. இவ்வாறு விற்பனையாளர்கள் மிகச் சிலராகவே இருப்பதால், அவர்கள் வகுத்துள்ள ஆண்டு நாட்காட்டியே சந்தையின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

மாடல் ஆண்டு என்றால் என்ன?

பனியூர்தியின் மாடல் ஆண்டும் வழக்கமான நாட்காட்டி ஆண்டும் ஒன்றல்ல. எடுத்துக்காட்டாக, 2026 மாடல் வண்டிகள் 2025ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டி அறிமுகம் செய்யப்பட்டன. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் அவை தொழிற்சாலையில் தயாராகி, 2025 டிசம்பரில் தொடங்கும் குளிர்காலத்தில் ஓடத் தொடங்கின. அதாவது ஒரு குளிர்காலம் முடிவதற்கு முன்பே அடுத்த குளிர்காலத்தின் வண்டி அறிமுகமாகிவிடுகிறது.

இதன் விளைவு ஒன்று உண்டு. மார்ச் மாதத்தில் கடையில் விற்காமல் நிற்கும் வண்டி, ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத புத்தம் புதிய வண்டியாக இருந்தாலும், சந்தையின் கண்ணில் அது ‘பழைய மாடல்’ ஆகிவிடுகிறது. தள்ளுபடி பிறப்பதும் இங்கேதான்.

விலை ஏன் மாதத்திற்கு மாதம் மாறுகிறது?

விற்பனை முகவர்கள் பெரும்பாலும் கடன் வாங்கியே வண்டிகளைக் கடையில் நிறுத்துகின்றனர். தொடக்கத்தில் சில மாதங்களுக்கு வட்டிச் சலுகை கிடைத்தாலும், அதன் பிறகு விற்காத ஒவ்வொரு வண்டிக்கும் முகவர் வட்டி கட்ட வேண்டும். பனி உருகியதும் வாடிக்கையாளர் வருகை நின்றுவிடும். அடுத்த பனிக்கு ஏழெட்டு மாதங்கள் உள்ளன. அதுவரை வட்டி கட்டி வைத்திருப்பதைவிட விலையைக் குறைத்து விற்றுவிடுவதே முகவருக்கு லாபம்.

தயாரிப்பாளரின் கவலை வேறு. அடுத்த ஆண்டு எத்தனை வண்டிகள், எந்த எஞ்சினுடன், எந்த நிறத்தில் தேவைப்படும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். தவறாகக் கணித்தால் ஒரு முழு ஆண்டின் உற்பத்தி தேங்கிவிடும். எனவே முன்கூட்டியே உறுதி சொல்பவர்களுக்கு அவர் சலுகை தருகிறார். முகவரின் அவசரமும் தயாரிப்பாளரின் கவலையும் ஆண்டின் வெவ்வேறு மாதங்களில் உச்சத்தை அடைகின்றன. அவற்றோடு இயற்கையும் சேர்ந்துகொள்கிறது: பனி நன்றாகப் பெய்தால் விலை இறங்காது, பொய்த்தால் சரிந்துவிடும்.

2020ஆம் ஆண்டுக்குப் பிந்தைய சில ஆண்டுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெருந்தொற்றுக் காலத்தில் மக்கள் திறந்தவெளிப் பொழுதுபோக்குகளை நாடியதால் வண்டிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. உதிரிபாகப் பற்றாக்குறையால் 2021, 2022 ஆண்டுகளில் முன்பதிவு செய்த சிலருக்கே வண்டி தாமதமாகக் கிடைத்தது. தள்ளுபடி என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. அதன் பின் 2023-24 குளிர்காலம் அமெரிக்காவின் பெருநிலப் பகுதியில் பதிவான வரலாற்றிலேயே மிக வெப்பமான குளிர்காலமாக அமைந்தது. கனடாவிலும் பல இடங்களில் பனி குறைந்தது. வண்டிகள் கடைகளில் தேங்கின, தயாரிப்பாளர்கள் உற்பத்தியைக் குறைத்தனர், தள்ளுபடிகள் பெருகின. அதே மாதம், அதே வண்டி. ஆனால் 2022இல் சரியாக இருந்த அறிவுரை 2024இல் தவறாகிவிட்டது.

ஆண்டின் ஐந்து காலகட்டங்கள்

வசந்த கால முன்பதிவு: பெரும்பாலும் மார்ச் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை நடைபெறும். வாங்குபவர் முன்பணம் செலுத்தி, எஞ்சின், பட்டையின் நீளம், நிறம், சஸ்பென்ஷன் ஆகியவற்றைத் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்கலாம். முன்பதிவில் மட்டுமே கிடைக்கும் மாடல்களும் உண்டு. வழக்கமான உத்தரவாதம் ஓராண்டு என்றால், முன்பதிவு செய்பவர்களுக்குக் கூடுதலாக ஓராண்டோ அதற்கு மேலோ இலவசமாகக் கிடைப்பது வழக்கம். வண்டி இலையுதிர் காலத்தில் கைக்கு வரும். இங்கே விலைக்குறைப்பு சிறிதாகவே இருக்கும். உண்மையான சலுகை தேர்வுரிமையும் உத்தரவாதமும்தான். குறைபாடு என்னவென்றால், ஓட்டிப் பார்க்காத ஒரு வண்டிக்கு, வரப்போகும் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று தெரியாத நிலையில் பணத்தை உறுதி செய்ய வேண்டியிருக்கிறது.

பருவ இறுதி: மார்ச் முதல் மே வரை. அந்த ஆண்டின் மிஞ்சிய வண்டிகளுக்கு நல்ல தள்ளுபடி கிடைக்கும். முன்பதிவும் இதுவும் ஒரே சமயத்தில் நடப்பதால், ஒரே கடையில் இரண்டு விலைகளையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியும். ஆனால் நமக்கு வேண்டிய மாடல் மிஞ்சியிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. நன்றாக விற்கும் மாடல் மிஞ்சுவதில்லை. மிஞ்சுவது எது, ஏன் என்று கேட்டறிவது நல்லது.

கோடை: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. பேரம் பேசுவதற்கு ஏற்ற, ஆரவாரமில்லாத காலம். எனினும் தேர்வு மிகக் குறைவு. பல முகவர்கள் அப்போது படகுகளையும் நான்கு சக்கர வண்டிகளையும் விற்பதில் மும்முரமாக இருப்பார்கள்.

இலையுதிர் காலம்: செப்டம்பர் முதல் நவம்பர் வரை. முந்தைய மாடல்களைக் காலிசெய்யத் தயாரிப்பாளர்கள் சில சமயம் கூடுதல் தள்ளுபடி அறிவிப்பதுண்டு. மினசோட்டாவின் நார்த் பிராஞ்ச் என்ற ஊரில் செப்டம்பரில் நடைபெறும் ஹே டேஸ் என்ற புல்தரைப் பந்தய விழா, இப்பருவத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அங்கு பழைய வண்டிகளும் உதிரிபாகங்களும் பெருமளவில் கைமாறுகின்றன.

பனிக்காலம்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. முதல் பெரும்பனி விழுந்ததும் எல்லோருக்கும் உடனே வண்டி தேவைப்படும். எனவே விலை உச்சத்தில் இருக்கும். பனி பொய்க்கும் ஆண்டுகளில் மட்டும் பிப்ரவரியிலேயே விலை இறங்கத் தொடங்கும்.

தள்ளுபடி எப்போது உண்மையான லாபம்?

விலைச்சீட்டில் காணப்படும் தள்ளுபடியும் வாங்குபவருக்குக் கிடைக்கும் லாபமும் ஒன்றல்ல. வண்டியை விற்கும் நாளில் சந்தை அதன் மாடல் ஆண்டைப் பார்க்குமே தவிர, அது வாங்கப்பட்ட ஆண்டைப் பார்க்காது. இதை ஒரு கணக்கின் மூலம் காணலாம். கீழே உள்ள எண்கள் விளக்கத்திற்காகக் கற்பனையாக எடுத்துக்கொள்ளப்பட்டவை.

ஒரு வண்டியின் முழு விலை 15,000 டாலர் என்க. ‘அ’ என்பவர் முன்பதிவு செய்து முழு விலைக்கு வாங்குகிறார். ‘ஆ’ என்பவர் அதே மாடல் ஒரு பருவம் விற்காமல் நின்ற பிறகு, அதை 12,500 டாலருக்கு வாங்குகிறார். பார்வைக்கு ‘ஆ’ பெற்ற லாபம் 2,500 டாலர்.

இருவரும் இரண்டு குளிர்காலங்கள் ஓட்டிவிட்டு விற்பதாகக் கொள்வோம். ‘அ’வின் வண்டி அப்போது இரண்டு ஆண்டு பழைய மாடல், அது 10,500 டாலருக்கு விற்கிறது. ‘ஆ’வின் வண்டியும் இரண்டு குளிர்காலமே ஓடியது என்றாலும், அது மூன்று ஆண்டு பழைய மாடல்; அது 9,000 டாலருக்கு விற்கிறது. ‘அ’வின் இழப்பு 4,500 டாலர். ‘ஆ’வின் இழப்பு 3,500 டாலர். எனவே ‘ஆ’வின் உண்மையான லாபம் 1,000 டாலர் மட்டுமே. தள்ளுபடி 2,500 அல்லாமல் 1,500 டாலராக இருந்திருந்தால் லாபம் முற்றிலும் மறைந்திருக்கும்; முன்பதிவின் கூடுதல் உத்தரவாதத்தை இழந்ததுதான் மிச்சம்.

இப்போது இருவரும் பத்து ஆண்டுகள் வைத்திருப்பதாகக் கொள்வோம். பத்து ஆண்டு பழைய மாடல் 4,000 டாலருக்கும், பதினொரு ஆண்டு பழைய மாடல் 3,600 டாலருக்கும் விற்கின்றன. ‘அ’வின் இழப்பு 11,000; ‘ஆ’வின் இழப்பு 8,900. லாபம் 2,100 டாலர். தள்ளுபடியின் பெரும்பகுதி ‘ஆ’வின் கையிலேயே தங்கிவிட்டது.

காரணம் எளிது. வண்டியின் மதிப்பு முதல் சில ஆண்டுகளில் வேகமாகவும், பின்னர் மெதுவாகவும் இறங்குகிறது. தொடக்கத்தில் ஓராண்டு வேறுபாட்டின் விலை அதிகம். பத்தாம் ஆண்டில் அது மிகக் குறைவு. இதிலிருந்து ஒரு பொது விதியைப் பெறலாம்: இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டி மாற்றுபவருக்கு முன்பதிவு பெரும்பாலும் பொருத்தமானது; நீண்ட காலம் வைத்திருப்பவருக்கு மிஞ்சிய மாடலே சிறந்தது.

வடிவமைப்புத் தலைமுறையும் கவனிக்கத்தக்கது

எல்லா மாடல் ஆண்டுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரே அளவினதல்ல. சில ஆண்டுகளில் நிறமும் ஒட்டுப்படங்களும் மட்டுமே மாறும். வேறு சில ஆண்டுகளில் வண்டியின் சட்டகமே புதிதாக வரும். ஸ்கீ-டூ நிறுவனம் 2003 மாடலில் ரெவ் என்ற சட்டகத்தை அறிமுகம் செய்து, ஓட்டுநர் உட்காரும் இடத்தையே முன்னோக்கி மாற்றியது. அடுத்த பெரிய மாற்றங்கள் 2008, 2017 மாடல்களில் வந்தன. போலாரிஸ் நிறுவனத்தின் ஆக்சிஸ் சட்டகம் 2015 மாடலிலும், மேட்ரிக்ஸ் சட்டகம் 2021 மாடலிலும் வெளிவந்தன.

புதிய தலைமுறை வெளிவந்ததும் முந்தைய தலைமுறையின் மறுவிற்பனை மதிப்பு சற்று வேகமாக இறங்கும். ஆகவே மிஞ்சிய வண்டி பழைய சட்டகத்தின் கடைசி ஆண்டைச் சேர்ந்தது என்றால், அதற்கேற்ப அதிகத் தள்ளுபடி கேட்பதே நியாயம். மறுபுறம், ஒரு சட்டகத்தின் கடைசி ஆண்டு வண்டிகளில் தொடக்கக் கோளாறுகள் பெரும்பாலும் களையப்பட்டிருக்கும். முதல் ஆண்டு வண்டிகளுக்கு அந்த வசதி இல்லை. எனவே முற்றிலும் புதிய சட்டகத்தையோ எஞ்சினையோ முதல் ஆண்டிலேயே வாங்குபவருக்கு, விலைக்குறைப்பைவிட நீண்ட உத்தரவாதமே அதிகம் பயன்படும். மாறாக, பல ஆண்டுகள் சந்தையில் நிலைபெற்ற மாடலில் குறைந்த உத்தரவாதத்தோடு நல்ல தள்ளுபடியை ஏற்பதில் ஆபத்து குறைவு.

உற்பத்தி நிறுத்தப்பட்ட நிறுவனங்களின் வண்டிகளுக்கும் இதே வகையான சிந்தனை தேவை. விலை கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அருகில் பழுதுபார்க்கும் கடை உண்டா, உதிரிபாகங்கள் தொடர்ந்து கிடைக்குமா என்பதை உறுதிசெய்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

பழைய வண்டியை விற்கும் காலம்

வாங்குவதற்கு மலிவான காலம் விற்பதற்கு மோசமான காலம். மார்ச்சில் புதிய வண்டிக்குத் தள்ளுபடி கிடைப்பதற்கான அதே காரணத்தால், அப்போது பழைய வண்டியைக் கொடுத்தால் குறைந்த விலையே கிடைக்கும். அதைக் கோடை முழுவதும் கட்டிக்காக்க வேண்டியவர் முகவர் அல்லவா? இடமும் பொறுமையும் உள்ளவர்கள் வசந்தத்தில் வாங்கி, பழையதை அக்டோபர் முதல் முதல் பனி விழும் வரையிலான காலத்தில் நேரடியாக விற்பது லாபகரமானது. ஆனால் அமெரிக்காவின் பல மாநிலங்களில், பழைய வண்டியைக் கடையில் மாற்றிக்கொண்டால் விலை வேறுபாட்டிற்கு மட்டுமே விற்பனை வரி விதிக்கப்படுகிறது. இந்த வரிச்சேமிப்பையும் கணக்கில் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

எத்தனை நாள் ஓட்டப் போகிறோம்?

கியூபெக், ஒன்டாரியோ மாகாணங்கள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் நீளப் பனியூர்திப் பாதைகள் உள்ளன. மிச்சிகன் மாநிலத்தில் பொதுப் பாதைகள் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை திறந்திருக்கும். ஆயினும் நாட்காட்டி அனுமதிக்கும் நாட்கள் வேறு, பனி அனுமதிக்கும் நாட்கள் வேறு. வேலைக்குச் செல்பவருக்கு வார இறுதிகள் மட்டுமே மிஞ்சும்.

வண்டியின் மதிப்பு ஆண்டுக்கு 2,000 டாலர் குறைவதாகவும், காப்பீடு, பாதை அனுமதிச்சீட்டு, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மேலும் 1,000 டாலர் ஆவதாகவும் கொண்டால், ஐந்து நாள் ஓட்டுபவருக்கு எரிபொருள் நீங்கலாக ஒரு நாளைக்கு 600 டாலர் செலவாகிறது. முப்பது நாள் ஓட்டுபவருக்கு அதுவே 100 டாலர். ஐந்து நாள் ஓட்டுபவருக்கு வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதே பெரும்பாலும் மலிவு. அத்தகையவருக்கு ‘எப்போது வாங்கலாம்’ என்ற கேள்விக்கு ‘இப்போது வேண்டாம்’ என்பதே சரியான விடை.

பாதை அனுமதிச்சீட்டுக்கும் காலம் உண்டு. ஒன்டாரியோவில் பருவம் தொடங்குவதற்கு முன்பே வாங்குபவர்களுக்கு அது குறைந்த விலையில் கிடைக்கிறது.

வாழ்வாதாரத்திற்காக வாங்குபவர்கள்

பனியூர்தி எல்லோருக்கும் பொழுதுபோக்கு அல்ல. கனடாவின் நூனவுத் பகுதியில் ஊர்களுக்கிடையே நெடுஞ்சாலைகள் இல்லை. அங்கு வாழும் இனுவிட் மக்களுக்கு வேட்டைக்கும் மீன்பிடிக்கும் பயணத்திற்கும் இதுவே வாகனம். வடக்கு இசுகாண்டிநேவியாவில் சாமி மக்கள் பனிமான் மந்தைகளை மேய்க்க இதனைப் பயன்படுத்துகின்றனர்.

இவர்களுக்கு மேற்கூறிய நாட்காட்டி அப்படியே பொருந்தாது. நூனவுத்துக்குக் கனமான பொருட்கள் பெரும்பாலும் கடல் பனி உருகும் கோடை மாதங்களில் கப்பல் வழியாகவே செல்கின்றன. கப்பலைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். அல்லது அதிகக் கட்டணம் செலுத்தி விமானத்தில் வரவழைக்க வேண்டும். நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் கடுங்குளிரில் உயிருக்கே ஆபத்து. எனவே இங்கு சிறந்த மதிப்பு என்பது பெரிய தள்ளுபடி அல்ல; பழையது கைவிடும் முன்பே புதியது வந்து சேர்வதும், அதற்கான உதிரிபாகங்கள் ஊரிலேயே கிடைப்பதும்தான்.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

• மிஞ்சிய மாடலின் உத்தரவாதம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? பனியில்லாத மாதங்களும் அதில் கழிக்கப்படுமா?
• அது கடையில் நின்ற வண்டியா, பிறர் ஓட்டிப் பார்க்கக் கொடுக்கப்பட்ட வண்டியா? ஓடிய தூரம் எவ்வளவு?
• அந்த மாடலுக்குப் பாதுகாப்புத் திரும்பப்பெறல் அறிவிப்பு ஏதேனும் உண்டா? பழுது சரிசெய்யப்பட்டுள்ளதா? அமெரிக்காவில் இவ்வறிவிப்புகளை நுகர்வோர் உற்பத்திப்பொருள் பாதுகாப்பு ஆணையம் வெளியிடுகிறது.
• விளம்பர விலையில் போக்குவரத்து, பொருத்துக்கூலி, ஆவணக் கட்டணம் ஆகியவை அடங்கியுள்ளனவா?
• முன்பதிவானால், வண்டி தாமதமானால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா?
• நீண்ட நாள் நின்ற வண்டியில் மின்கலம் புதிதாக மாற்றித் தரப்படுமா?

தொகுப்பு

முதல் பனி விழும் வாரத்தில் வாங்குபவர் அதிக விலை கொடுக்கிறார் என்பது ஏறத்தாழ எல்லா ஆண்டுகளுக்கும் பொருந்தும். மற்றவை வாங்குபவரைப் பொறுத்தவை. குறிப்பிட்ட மாடலும் நீண்ட உத்தரவாதமும் வேண்டுபவர், சில ஆண்டுகளில் வண்டியை மாற்றுபவர் ஆகியோருக்கு வசந்த கால முன்பதிவு ஏற்றது. நிலைபெற்ற மாடல் ஒன்றை வாங்கி நெடுங்காலம் வைத்திருப்பவருக்குப் பருவ இறுதியிலும் இலையுதிர் காலத்திலும் கிடைக்கும் மிஞ்சிய வண்டி ஏற்றது. பனி பொய்த்த குளிர்காலத்தின் முடிவு, கையில் பணம் வைத்துக் காத்திருப்பவருக்கு மிக நல்ல வாய்ப்பு. தள்ளுபடி எவ்வளவு என்று கேட்பதற்கு முன், இந்த வண்டி எத்தனை குளிர்காலம் நம்மிடம் இருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்வதே முதற்படியாகும்.